சேர்மன் வாங்கிய பேப்பரும் நான் போட்ட இணைப்பும்

பேப்பர் போடுகிறவர்களின் சங்கத்தில் இந்த வருடம் மலர் கொண்டு வருகிறார்கள். பழைய ஆள் என்பதால் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். கேட்க வந்த தம்பி டீயைக் குடித்துவிட்டு எழுந்தபோது, "அண்ணே, அரசியல் மட்டும் வேணாம். விளம்பரம் குடுக்கிறவங்க மனசு நோவக்கூடாது பாருங்க" என்றார். பேப்பர் போட்டவனிடம் அரசியல் இல்லாத அனுபவம் கேட்பது மீன் விற்றவனிடம் வாடை இல்லாத கதை கேட்பது மாதிரி. என்னிடம் இருப்பது இதுதான். போட்டால் இப்படியே போடுங்கள். முடியாவிட்டால் தாளைத் திருப்பித் தந்துவிடுங்கள்.

நான் மங்கலம்பேட்டைக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் அடித்து விரட்டவில்லை. ஒரே இடத்தில் உட்கார முடியாத உடம்பு எனக்கு. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டினேன். கரும்பு டிராக்டரில் சுமை ஏற்றினேன். கடலூர் முதுநகரில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்தேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். பசித்த நாட்கள் உண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்த நாட்களும் உண்டு. ஊர் சுற்றுகிறவன் எல்லோருக்கும் உள்ளதுதான் அது, அதில் எழுத ஒன்றுமில்லை. ஒருமுறை லாரி ரிப்பேராகி முதுநகரில் நின்றபோது, ரயிலில் வரும் பேப்பர் கட்டுகளை இறக்க ஆள் வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டார். இறக்கிக் கொடுத்தேன். லாரி போய்விட்டது, நான் நின்றுவிட்டேன்.

கூப்பிட்டவர் காதர் மாமா. எனக்குச் சொந்தமில்லை. முதுநகரில் எல்லோருக்கும் அவர் மாமாதான். சென்னையிலிருந்து வரும் ஒரு இங்கிலீஷ் தேசிய நாளிதழுக்குக் கடலூர், சிதம்பரம் இரண்டுக்கும் அவர்தான் ஏஜெண்ட். அவருடைய வாப்பா காலத்திலேயே வந்த ஏஜென்சி. வெள்ளைக்காரன் இருந்தபோது, துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வரும் என்று பார்க்கத்தான் வியாபாரிகள் அந்தப் பேப்பரை வாங்கினார்களாம். சுதந்திரம் வந்த பிறகு கப்பல் பார்த்தவர்கள் கட்சி பார்க்க ஆரம்பித்தார்கள். நெருக்கடி நிலைத் தணிக்கை வந்தபோது ஒரு நாள் காலையில் பக்கத்தின் நடுவே ஒரு கட்டம் எழுத்தே இல்லாமல் வெள்ளையாக வந்ததாம். "அதுவரைக்கும் பேப்பரைப் புரட்டிட்டு வச்சவன்லாம் அன்னிக்கித்தான்டா கடைசி வரிவரைக்கும் படிச்சான்" என்பார் மாமா.

எனக்கு அந்தப் பேப்பரைப் படிக்கத் தெரியாது. தலைப்பை எழுத்துக் கூட்டுவேன், படம் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு என்ன அதிகாரம், அது எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அதில் எழுதியவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். தமிழ்ப் பேப்பரை ஊரே படிக்கும், டீக்கடையில் அதை வைத்துச் சண்டை போடும், அதோடு வேலைக்குப் போகும். எங்கள் பேப்பரை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் கையெழுத்துப் போடுகிறவர்கள். பெரிய அதிகாரிகள், நீதிபதிகள், வக்கீல்கள், டாக்டர்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். உள்பக்கத்து மூலையில் எங்கள் ஊர்ச் சாக்கடையைப் பற்றி நாலு வரி வந்தால், அன்று மத்தியானத்துக்குள் தெருவில் பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். அதே நாலு வரியை ஊர் மக்கள் மனுவாக எழுதிக் கொடுத்து ஒரு வருடம் நடந்திருப்பார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்தது அப்படித்தான்.

அதனால்தான் எங்கள் பக்கத்தில் 'கட்டு தூக்குவது' என்று ஒரு பழக்கம் இருந்தது. தங்களைப் பற்றிப் பாதகமாக ஏதாவது வரப்போகிறது என்று தெரிந்தால், கட்சிக்காரர்கள் விடியும் முன்பே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மொத்தக் கட்டையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தமிழ்ப் பேப்பரில் அது நடக்காது, அத்தனை கட்டு. எங்கள் பேப்பரில் நடக்கும். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

காதர் மாமா அதற்கென்றே ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஒரு கைக்கு ஒரு பேப்பர். எத்தனை பெரிய ஆள் கேட்டாலும் இரண்டாவது பேப்பர் கிடையாது. இன்னும் சில சட்டங்களும் உண்டு. கட்டின் கயிற்றை அறுக்கக் கூடாது, அவிழ்க்க வேண்டும். பேப்பரை நனைந்த தரையில் வைக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் நாலு பக்க இணைப்பு ஒன்று வரும். சினிமா, சமையல், ஊர் சுற்றுவது, இயற்கை எல்லாம் அதில் இருக்கும். அது சென்னையில் முன்கூட்டியே அச்சாகி, முதல் நாளே தனிக் கட்டாக பஸ்ஸில் வந்துவிடும். மறுநாள் காலையில் மெயின் பேப்பர் வந்ததும் நாங்கள் இணைப்பை உள்ளே செருக வேண்டும். இடது கைக் கட்டைவிரலால் பேப்பரின் நடுவைத் திறந்து, வலது கையால் இணைப்பை உள்ளே தள்ளி, முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினால் விளிம்பு ஒன்றாகிவிடும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாமா அந்தப் பேப்பரை எடுத்து என் கையிலேயே மறுபடி கொடுப்பார், பேச மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மரியாதை வரும். 'டா' போய் 'நீங்க' வந்துவிட்டால் அன்றைக்கு நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

சில வருடங்களில் மாமா சிதம்பரத்தை முழுசாக என்னிடம் விட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சைக்கிள், பிறகு ஒரு பழைய டிவிஎஸ் 50. அலைகிற உடம்புக்கு அது தோதான வேலை. எல்லார் கையிலும் செல்போன் வராத காலம் அது.

அப்போது ஒரு நாள் மாமா ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "சென்னைலேர்ந்து நம்ம பேப்பர் நிருபரம்மா வராங்க. கெழக்கால இருக்கிற குப்பத்துக்கு வழி காட்டிவிடு." வெள்ளாறு கடலில் சேரும் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பம். அதற்கு மேட்டில் ஒரு இறால் பண்ணை வந்திருந்தது. கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துக் குளம் குளமாகத் தேக்கினார்கள். அந்த உப்பு கீழே இறங்கிக் குப்பத்தின் ஒரே குடிதண்ணீர்க் கிணற்றில் சேர்ந்துவிட்டது. பண்ணைக்காரர் ஒரு காலத்தில் சேர்மனாக இருந்தவர். பதவி போய் வெகுகாலமாகியும் பெயர் போகவில்லை, ஊரே அவரைச் சேர்மன் என்றுதான் சொல்லும். போகாதது பெயர் மட்டும் இல்லை, செல்வாக்கும்தான்.

நிருபரம்மாவை டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டேன். காசியம்மா என்று ஒரு அம்மா, மீன் விற்கிறவர். அவர்தான் எங்களைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். கிணற்று உறையின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

"ஏம்மா, நீ எழுதுனா தண்ணி வந்துடுமா?" என்று கேட்டார் காசியம்மா.

"எழுதறேம்மா. மத்ததுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது" என்றார் நிருபர்.

"நீயாச்சும் நெசத்த சொல்றியே. இதுக்கு முன்னாடி வந்தவங்கள்லாம் வரும், வரும்னு சொல்லிட்டு இளநி குடிச்சிட்டுப் போனாங்க." என்னைப் பார்த்து, "இவரு யாரு, உன் டிரைவரா? ஒல்லியா இருக்காரே, சோறு போட மாட்டியா?" என்றார்.

நிருபர் குடத்தோடு அவரை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். திரும்பி வரும்போது விஷயத்தைச் சொன்னார். பண்ணையைத் தொடர விடலாமா என்று முடிவு செய்யச் சென்னையிலிருந்து மூன்று அதிகாரிகள் கொண்ட குழு ஒன்று வரப்போகிறது. பயணியர் மாளிகையில் காலையில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, மத்தியானமே கிளம்பிவிடும். ஊர்த் தரப்பு என்று வந்து நிற்கப் போகிறவர்கள் சேர்மன் பண்ணையின் காவல்காரர்கள். குழு குப்பத்துக்கே போகாது. போனால்தான் கிணறு கண்ணில் படும். பட்டால்தான் அந்த ஊருக்கு வழி. "அவங்க வர்ற அன்னிக்குக் காலைல அவங்க கையில இது இருக்கணும்" என்றார். அரசியல் பக்கத்தில் இதற்கு இடம் தர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் இயற்கை, சுற்றுச்சூழல் என்று சொல்லி அந்த வாரத்து இணைப்பில் போட வைத்துவிட்டார். பெரிய பேப்பர்களில் பல உண்மைகள் சமையல் குறிப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

குழு வருவதற்கு முதல் நாள் இணைப்புக் கட்டு வந்தது. வழக்கம்போல டீக்கடை பெஞ்சுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்தேன். ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். காசியம்மா குடத்தோடு முதல் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை கடலூரிலிருந்து முதல் பஸ் வந்தது. மேலே ஏறிக் கட்டை இறக்கினேன். கீழே ஒரு சுமோ நின்றிருந்தது. சேர்மனிடம் இருக்கும் செல்வம் இறங்கி வந்தான், கூட நாலு பேர்.

"என்ன மச்சான், சௌக்கியமா? இன்னிக்கு உனக்கு லீவு. கட்டு எங்களுக்கு."

"எத்தினி வேணும்?"

"எல்லாந்தான்."

"ஒரு கைக்கு ஒண்ணுதான். நீ வந்திருக்க, ஒண்ணு வாங்கிக்க. கூட நாலு பேர் வந்திருக்காங்க, அவங்களுக்கும் ஒண்ணொண்ணு தரேன்."

"நீ வேடிக்கையா பேசுற ஆளு" என்றான் செல்வம். பிறகு வேடிக்கை முடிந்துவிட்டது. இரண்டு பேர் என்னைப் பஸ்ஸின் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கட்டைத் தூக்கிச் சுமோவில் போட்டார்கள். ஒருவன் அதற்கான பணத்தை என் சட்டைப்பையில் திணித்தான். "திருடல, பாத்துக்க. விலைக்கு வாங்கியிருக்கோம்" என்றான். பஸ் ஸ்டாண்டில் இருந்த தமிழ்ப் பேப்பர்க்காரர்கள் அவரவர் கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாளைக்கு அவர்களுக்கும் இதே பஸ் ஸ்டாண்டுதான்.

சுமோ போன பிறகுதான் எனக்கு உறைத்தது. செல்வம் பெஞ்சுக்கு அடியில் கைவைக்கவே இல்லை. இன்றைக்குச் சேர்மனைப் பற்றி வருகிறது என்று அவர்களுக்குச் சென்னையிலிருந்து யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். எதில் வருகிறது என்று சொல்லவில்லை. அல்லது சொன்னது இவர்களுக்குப் புரியவில்லை. பேப்பரைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் உள்ள ஒரு ஆள் அந்தச் சுமோவில் இருந்திருந்தால், இணைப்பு தனியாக வரும் என்று தெரிந்திருக்கும். காணோம் என்று தேடியிருப்பான். அவர்களுக்குப் பேப்பர் என்றால் கட்டு. கட்டு வந்துவிட்டது, போய்விட்டார்கள்.

எஸ்டிடி பூத்திலிருந்து மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, கட்டத் தூக்கிட்டானுங்க."

"அடிச்சானுங்களா?"

"இல்ல, புடிச்சானுங்க."

"இணைப்பு?"

"பெஞ்சுக்கடியில இருக்கு. அவனுங்க கேக்கவே இல்ல மாமா."

மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "அப்ப ஏன்டா போன்ல நிக்கிற? பிஸ்மில்லா சொல்லிக் கெளம்பு. எல்லார் வீட்டுக்கும் போடு. ஒரு வீடும் விடாத."

இணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் பயணியர் மாளிகை. தினமும் வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அன்று உள்ளேயே போனேன். மூன்று அதிகாரிகளும் வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று இணைப்புகளை மேசையில் வைத்தேன். அவர்களில் வயதான அம்மா ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இணைப்பாச்சே, பேப்பர் எங்கேப்பா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்கம்மா. சேர்மன் ஆளுங்க எல்லாத்தையும் வாங்கிட்டாங்க."

"எல்லாத்தையுமா? எதுக்கு?"

"தெரியலீங்கம்மா. இது ஒண்ணுதான் மிஞ்சுச்சு."

அவர் இன்னொரு அதிகாரியைப் பார்த்தார். பிறகு இணைப்பை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். மற்ற இரண்டு பேரும் காபியை வைத்துவிட்டு ஆளுக்கொன்றை எடுத்தார்கள். நிருபர் எழுதியது பாதி வேலை செய்தது என்றால், செல்வம் வாங்கியது மீதியைச் செய்தது. சும்மா வந்திருந்தால் அவர்கள் அதைச் சமையல் குறிப்போடு மடித்து வைத்திருப்பார்கள்.

கீழ வீதி, தெற்கு வீதி, பல்கலைக்கழகப் பக்கம் என்று வழக்கமான எல்லா வீட்டுக்கும் போட்டேன். புறவழிச்சாலையில் சேர்மனுடைய புது வீடும் என் லைனில்தான் இருந்தது. அவர் எங்கள் பேப்பருக்குச் சந்தாதாரர். படிப்பதற்கு இல்லை. வருகிறவர்கள் பார்க்க வராந்தா மேசையில் கிடக்கும். அவருக்கும் போட்டேன்.

பதினோரு மணி வாக்கில் இரண்டு ஜீப் கிழக்கே போவதைப் பார்த்து, நானும் வண்டியை விட்டேன். குழு இணைப்பும் கையுமாகக் கிணற்றைச் சுற்றி நின்றது. சேர்மன் ஆட்கள் தள்ளி நின்றார்கள். காசியம்மா அந்த வயதான அதிகாரியிடம், "பேப்பர்ல என் மூஞ்சி வந்தாத்தான் உங்களுக்கு எங்க ஊருக்கு வழி தெரியுமா?" என்று கேட்டார். அந்த அம்மா உறையில் படிந்திருந்த உப்பை விரலால் சுரண்டிப் பார்த்தார். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். காசியம்மா என்னிடம் வந்து இணைப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "படத்துல குடம்தான் நல்லா விழுந்திருக்கு" என்றார்.

பண்ணைக்குத் தண்ணீர் இழுக்கும் மோட்டாரை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு மழைக்காலம் போன பிறகு கிணறு சோறாக்கும் பக்குவத்துக்கு வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் சங்கத்து மலருக்கு அழகாக இருந்திருக்கும். சில வாரம் கழித்து, அதே பேப்பரின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. அந்தக் கட்டுரையால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று போட்டிருந்ததாம். உப்பு இல்லை என்றும் சொல்லவில்லை, கிணறு இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா வருந்தினார்கள். அரசாங்க விளம்பரம் நின்றுபோயிருந்தது என்று மாமா சொன்னார். இன்றைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், பேப்பருக்கு முன்னே இருந்த பலம் இப்போது இல்லையே அண்ணே என்கிறார்கள். முன்னேயும் இப்படித்தான். ஒரு கையால் எழுதும், மறு கையால் அழிக்கும். ஆனால் எழுதிய அன்று அதை உரிய கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், பிறகு எதை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளட்டும். சேர்ப்பது எங்கள் வேலை. அதில் எங்களுக்கு எஜமானன் கிடையாது.

விற்பனைப் பிரிவு மேனேஜர் சென்னையிலிருந்து முதுநகருக்கு வந்தார். என்னையும் வரச் சொன்னார்கள். மெயின் பேப்பர் இல்லாமல் இணைப்பைத் தனியாகப் போட்டது நிர்வாக விதிக்கு விரோதம் என்றார். நான் சேர்மன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு வந்தால், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றார்.

"நீங்க உக்காருங்க சார்" என்றார் காதர் மாமா. "டீ சாப்பிடுங்க சார். போடச் சொன்னது நான். அவன் போகணும்னா ஏஜென்சியையும் எடுத்துக்கிட்டுப் போங்க சார்." மூன்று 'சார்' வந்துவிட்டது. மேனேஜருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் வாப்பா காலத்து ஏஜென்சி அது. எனக்கு ஊர் ஊராகப் போய்ப் பழக்கம். அவருக்கு முதுநகரை விட்டால் வேறு ஊர் கிடையாது.

"நான் போறேன் மாமா" என்றேன்.

"எங்க?"

"சேர்மன் வூட்டுக்குத்தான்."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் போனேன். சேர்மன் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்வம் பக்கத்தில் நின்றான்.

"வந்துட்டியா? சென்னைலேர்ந்து சொன்னாங்க. ம், சொல்லு."

"என்னங்கய்யா சொல்லணும்?"

"வருத்தம்னு சொல்ல வந்தியாமே."

"பேப்பர் வருத்தப்பட்டுச்சுங்க. நான் படல."

செல்வம் ஓரடி முன்னால் வந்தான். சேர்மன் கையைக் காட்டி நிறுத்தினார். "அத்தினி துணிச்சலாடா உனக்கு? என் வூட்டுலயே வந்து போட்டுட்டுப் போயிருக்கியே!"

"நீங்க சந்தாதாரருங்கய்யா. ஊருக்கெல்லாம் போட்டுட்டு உங்களுக்கு மட்டும் போடாம வுட்டா நாயமா?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது, உடனே அடங்கியது. சேர்மனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இனிமே இந்த வூட்டுக்கு உன் பேப்பர் வேணாம். நாளைலேர்ந்து நிறுத்து."

"நாளைலேர்ந்து முடியாதுங்கய்யா. நிறுத்துறதுன்னா மாசக் கடைசிலதான். அதுவரைக்கும் வரும்."

எனக்கும் அந்த மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. மாமாவின் ஏஜென்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேப்பர் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த மாதத்தில் மீதியிருந்த நாட்களில் சேர்மன் வீட்டை ஒரு நாள்கூட விடவில்லை. மழை பெய்த நாளில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனேன். மற்ற வீடுகளுக்கு வாசல் கேட்டோடு எறிந்துவிட்டுப் போவேன். அவர் வீட்டில் மட்டும் இறங்கி, உள்ளே நடந்து போய், இணைப்பு வந்த நாளில் அதன் விளிம்பு வெளியே தெரியாமல் தட்டிச் சரிசெய்து, அந்த நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.